பூவின் கருவறையைக் கண்ட கடைக்காரர்

மலரைப் பாடாத புலவர் இல்லை. அதன் நிறத்தையும் மணத்தையும் மென்மையையும் பாடினார்கள். அதைத் தேடி வரும் வண்டையும் பாடினார்கள். ஆனால் வண்டு வந்து போன பின்பு அந்த மலருக்குள் என்ன நடக்கிறது? மகரந்தத்தூள் சூல்முடியில் விழுகிறது, சில நாட்களில் இதழ்கள் உதிர்கின்றன, சூலகம் பருக்கிறது, விதை பிறக்கிறது. விழுந்த தூளுக்கும் பிறந்த விதைக்கும் நடுவே நிகழ்வது என்ன? விதைக்குள் உறங்கும் அந்தச் சிறு கரு தந்தையின் பொருளா, தாயின் பொருளா, இருவரின் பொருளா?

இன்று நம் பட்ட வகுப்பு மாணவர் எவரும் இதற்கு விடை எழுதிவிடுவர். ஆண், பெண் இனச்செல்கள் வளரும் படிநிலைகளைப் படத்துடன் வரைந்து, உறுப்புகளைக் குறித்து, பத்து மதிப்பெண்ணும் பெற்றுவிடுவர். ஆனால் சற்றேறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் பெரும் பேராசிரியர்களே இந்தக் கேள்வியில் இரு அணியாகப் பிரிந்து வழக்காடிக் கொண்டிருந்தார்கள். அந்த வழக்கைத் தீர்த்து வைத்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பேராசிரியர் அல்லர். பல்கலைக்கழக வாசலையே மிதித்துப் படிக்காத ஒரு கடைக்காரர். அவர் பெயர் வில்ஹெல்ம் ஹாப்மைஸ்டர்.

கடையில் வளர்ந்த ஆர்வம்

ஜெர்மனியின் லைப்சிக் நகரம் நூல் வணிகத்துக்கும் இசைக்கும் பெயர் பெற்றது. அந்நகரில் 1824-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் ஹாப்மைஸ்டர் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் ஹாப்மைஸ்டர் இசை நூல்களை வெளியிட்டு விற்பனை செய்தவர். செடிகொடிகளிலும் அவருக்குப் பற்று உண்டு. தாவரவியல் நூல்கள் சிலவற்றையும் அவருடைய நிறுவனம் வெளியிட்டது. எனவே இசையும் தாவரமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த வீடு அது.

மகன் பள்ளியில் படித்தது 15 வயது வரையில்தான். பின்னர் வணிகம் பழகுவதற்காக ஹாம்பர்க் நகரில் உள்ள ஓர் இசைக் கடைக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகள் அங்கே தொழில் கற்று, 1841-இல் லைப்சிக் திரும்பித் தந்தையின் கடையில் அமர்ந்தார். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது அவர் பொறுப்பு. கணக்கும் கடிதமும் கட்டுமாக ஒரு வாழ்க்கை அவருக்காகக் காத்திருந்தது. அப்படியே அவர் வாழ்ந்து முடித்திருந்தால் உலகம் அவரைக் குறை சொல்லியிருக்காது, அறிந்தும் இருக்காது.

ஆனால் அவருக்குள் ஓர் ஆசை இருந்தது. விடியற்காலையில், கடை திறப்பதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். கற்றுத்தர ஆசிரியர் இல்லை. நூல்களே ஆசிரியர்கள். அந்த நூல்களுள் ஒன்று அவர் வாழ்வையே மாற்றியது.

பேராசிரியரின் தீர்ப்பு

அந்த நூலை எழுதியவர் மத்தியாஸ் ஷ்லைடன். யேனா பல்கலைக்கழகப் பேராசிரியர். தாவரங்கள் யாவும் செல்களால் ஆனவை என்று 1838-இல் எடுத்துரைத்து, ஷ்வானுடன் சேர்த்துச் செல் கொள்கையின் தந்தையர் என்று நாம் போற்றும் அதே ஷ்லைடன்தான். 1842-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய தாவரவியல் நூல் ஒரு புதிய வழியை வற்புறுத்தியது. செடிகளுக்குப் பெயர் சூட்டி அடுக்கி வைப்பது மட்டும் தாவரவியல் ஆகாது. ஓர் உறுப்பை அறிய வேண்டுமானால் அது முதல் செல்லிலிருந்து எப்படி வளர்ந்தது என்பதைப் படிப்படியாகக் கண்ணால் காண வேண்டும் என்பதே அதன் சாரம். கடையில் அமர்ந்திருந்த இளைஞரின் உள்ளத்தில் இக்கருத்து ஆழப் பதிந்தது.

அந்தப் பேராசிரியரே பூவின் கருவைப் பற்றி ஒரு தீர்ப்பும் வழங்கியிருந்தார். அதனை விளங்கிக்கொள்ளச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தாவரங்களுக்கும் ஆண், பெண் பால் உண்டு என்பதை 1694-இல் சோதனை வழியே காட்டியவர் டூபிங்கன் நகரத்துக் கமராரியஸ். மகரந்தம் இல்லையேல் வளமான விதை இல்லை என்பது அதனால் தெளிவாயிற்று. ஆனால் மகரந்தம் செய்யும் வேலை என்ன என்பது தெரியவில்லை. 1824-இல் இத்தாலிய நுண்ணோக்கி வல்லுநர் அமிச்சி, சூல்முடியில் விழுந்த மகரந்தத்தூள் ஒன்றிலிருந்து மெல்லிய குழல் ஒன்று நீள்வதைக் கண்டார். 1830-இல் அக்குழல் சூல்தண்டைக் கடந்து சூலின் துளை வரை செல்வதையும் கண்டறிந்தார்.

இந்த இடத்தில்தான் ஷ்லைடன் குறுக்கிட்டார். மகரந்தக் குழல் சூலுக்குள் நுழைந்து, அங்குள்ள கருப்பையின் சுவரை உள்நோக்கி அழுத்தி, தன் நுனியையே கருவாக மாற்றிக்கொள்கிறது என்று 1837-இல் அறிவித்தார். அப்படியானால் கருவாவது மகரந்தமே. சூல் வெறும் நாற்றங்கால். ஆண் என்று நாம் கருதிய மகரந்தமே பெண் என்றாகிவிடும்! அமிச்சி இதை மறுத்தார். சூலுக்குள் ஒரு சிறு செல் முன்கூட்டியே இருக்கிறது, குழல் வந்த பின் அந்தச் செல்லே கருவாகிறது என்று 1846-இல் ஆர்க்கிட் மலர்களில் காட்டினார். ஆயினும் ஷ்லைடனின் புகழ் பெரிது, பேனாவும் கூர்மையானது. அவர் சொல்லை எதிர்ப்பது எளிதன்று.

ஊசியும் கண்ணும்

ஹாப்மைஸ்டருக்குக் கிட்டப்பார்வை மிகுதி. தொலைவில் உள்ளவை மங்கும்; கண்ணருகே கொண்டு வந்த பொருளின் நுட்பமோ தெளிவாகத் தெரியும். உலகம் குறை என்று சொல்வதை அவர் கருவியாக்கிக் கொண்டார். சிறு சூல்களைக் கண்ணருகே பிடித்து, ஊசியாலும் கத்தியாலும் பிரித்து, உள்ளிருக்கும் கருப்பையை உடையாமல் வெளியே எடுப்பதில் ஈடற்ற திறன் பெற்றார்.

நம் ஆய்வகத்தில் இன்று பாரபின் மெழுகில் பொதித்து, மைக்ரோடோமில் சீவி, சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடுகளைப் பார்க்கிறோம். அவருக்கு அந்த வசதிகள் எவையும் இல்லை. சாயமேறாத, நிறமற்ற, நீர் போன்ற செல்களையே பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு படிநிலையைக் கண்டால் போதாது. அதற்கு முந்தியது எது, பிந்தியது எது என்று நூற்றுக்கணக்கான சூல்களைப் பிரித்து வரிசைப்படுத்த வேண்டும். அத்தனையும் கடை திறக்கும் முன்!

1847-இல், 23 வயதில், தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அந்திப்பூ வகைகளில் ஒன்றான ஈனோதீரா இடம்பெறும் குடும்பத்துச் செடிகளில் கருவுறுதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதே பொருள். 1849-இல் வெளிவந்த நூலில் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களை ஆராய்ந்து தம் முடிவை நிலைநாட்டினார். அந்த முடிவு இது: மகரந்தக் குழல் வந்து சேருவதற்கு முன்பே கருப்பைக்குள், சூல்துளையை அடுத்த முனையில், சில செல்கள் உருவாகி இருக்கின்றன. குழல் வந்து தொட்ட பின் அவற்றுள் ஒன்றே சுவர் பெற்று, பகுத்து, கருவாகிறது. குழலின் நுனி கருவாவதில்லை.

அந்தச் செல்லைத்தான் இன்று அண்டச்செல் என்கிறோம். அதன் அருகே உள்ள இரண்டும் துணைச்செல்கள். கருப்பையின் மறு முனையில் உள்ள எதிரடிச் செல்களையும் அவர் பார்த்துக் குறித்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வளர்ச்சியைப் படிப்படியாகப் பார் என்று அவருக்குக் கற்பித்தது ஷ்லைடனின் நூல். அந்த வழியில் நேர்மையாக நடந்து பார்த்தபோது, ஷ்லைடனின் முடிவே பொய்த்துப் போயிற்று. ஆசிரியரின் வழியை உண்மையாகப் பின்பற்றியதால் ஆசிரியரின் சொல்லை மறுக்க நேர்ந்த மாணவர் அவர். இது குரு நிந்தை அன்று. உண்மையான குரு பக்தி இதுதான் எனலாம்.

மகரந்தத்தின் பிறப்பு

பெண் செல்லோடு அவர் நிற்கவில்லை. 1848-இல் மகரந்தம் உருவாகும் விதத்தை ஆராய்ந்தார். எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று டிரடஸ்கான்ஷியா. நம் வயல் வரப்புகளில் நீலப் பூப் பூக்கும் கானாவாழையின் குடும்பத்தைச் சேர்ந்தது அது.

மகரந்தப்பைக்குள் மகரந்தத் தாய்ச்செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தாய்ச்செல்லும் இருமுறை பகுத்து நான்கு சிறு செல்களைத் தருகிறது. அந்த நான்கும் பிரிந்து தனித்தனி மகரந்தத்தூள் ஆகின்றன. இந்தப் பகுப்பின்போது உட்கருவின் உறை மறைவதையும், அதன் இடத்தில் சிறு சிறு திரள்கள் தோன்றுவதையும், அவை இரு கூறாகப் பிரிவதையும் ஹாப்மைஸ்டர் படமாக வரைந்திருக்கிறார். அவை உறைந்த புரதத் திரள்கள் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் 1888-இல் வால்டையர் அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டார். பெயரும் பொருளும் அறியாமலேயே, கண்டதைக் கண்டபடி வரைந்த நேர்மையால், குரோமோசோம்களை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தாளில் பதித்து வைத்தவர் அவர்.

வழக்கின் முடிவு

ஷ்லைடன் அணி எளிதில் பணியவில்லை. அவருடைய மாணவர் ஷாக்ட், குழல் நுனியே கருவாகிறது என்பதற்கு ஆதரவாக ஏராளமான படங்களுடன் நூல் எழுதினார். அதற்கு 1850-இல் நெதர்லாந்து நாட்டு அரச அறிவியல் நிறுவனத்தின் பரிசும் கிடைத்தது. ஒருபுறம் பேராசிரியரின் பெயரும் பரிசும். மறுபுறம் பட்டம் ஏதும் இல்லாத கடைக்காரரின் படங்கள். உலக வழக்கில் எது வெல்லும் என்று சொல்லவும் வேண்டுமோ?

ஆனால் இயற்கை பரிசைப் பார்த்து நடப்பதில்லை. எவர் எத்தனை முறை சூலைப் பிரித்துப் பார்த்தாலும் ஹாப்மைஸ்டர் சொன்னதே மீண்டும் மீண்டும் தெரிந்தது. 1856-இல் ராட்ல்கோபர் என்னும் இளம் ஆய்வாளர் யேனாவிலேயே இதை ஆராய்ந்து, கருவுக்குரிய செல் குழல் வருவதற்கு முன்பே இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார். ஷ்லைடனும் தம் கொள்கையைக் கைவிட்டார். ஷாக்டும் பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். வழக்கு முடிந்தது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. குழலிலிருந்து அண்டத்துக்குச் செல்வது எது என்பதை ஹாப்மைஸ்டர் அறியவில்லை. குழலின் சுவர் வழியே ஏதோ ஒரு நீர்மம் ஊறிச் செல்வதாகவே கருதினார். ஆண் செல் அவர் கண்ணுக்கு அகப்படவில்லை. அவர் காலத்துக் கருவிக்கு எல்லை அதுவே.

இரு தலைமுறைகள்

1851-இல் அவர் வெளியிட்ட நூல், அவர் பெயரை அறிவியல் உள்ளளவும் நிலைக்கச் செய்தது. மாஸ், பெரணி, செலாஜினெல்லா, ஊசியிலை மரம் என எல்லாவற்றின் வளர்ச்சியையும் ஒப்பிட்டு, அவை அனைத்தும் ஒரே தாளத்துக்கு நடக்கின்றன என்று அதில் காட்டினார். அப்போது அவருக்கு வயது 27.

அந்தத் தாளம் என்ன? ஒரு தாவரத்தின் வாழ்வு இரு தலைமுறைகளால் ஆனது. ஒன்று ஸ்போர்களைத் தரும் ஸ்போரோபைட். மற்றொன்று இனச்செல்களைத் தரும் கேமீட்டோபைட். ஒன்று மற்றொன்றைப் பெறும். அது மீண்டும் இதனைப் பெறும். மழைக்காலச் சுவரில் பச்சைக் கம்பளமாகப் படரும் மாஸில் நம் கண்ணுக்குத் தெரிவது கேமீட்டோபைட்; அதன் மேல் காம்புடன் நிற்கும் சிறு பெட்டகமே ஸ்போரோபைட். பெரணியிலோ இது தலைகீழ். இலை விரித்து நிற்கும் செடி ஸ்போரோபைட். மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் இதய வடிவப் புரோதாலஸ் கேமீட்டோபைட்.

செலாஜினெல்லாவில் ஸ்போர்கள் சிறிது, பெரிது என இரு வகை. அவற்றுள் வளரும் கேமீட்டோபைட் இன்னும் சுருங்கிவிடுகிறது. ஊசியிலை மரத்திலோ பெரிய ஸ்போர் தாயை விட்டு வெளியேறுவதே இல்லை. சூலுக்குள்ளேயே தங்கிக் கருப்பையாகிறது. அங்கே காணப்படும் சிறு உறுப்புகள் பெரணியின் ஆர்க்கிகோனியமே என்று ஹாப்மைஸ்டர் இனங்கண்டார். பூவாத் தாவரம், பூக்கும் தாவரம் என்று இரு தனி உலகங்களாக எண்ணப்பட்டவற்றுக்கு நடுவே பாலம் எழுந்தது.

பூக்கும் தாவரத்தில் இந்தச் சுருக்கம் உச்சத்தை அடைகிறது. ஆண் தலைமுறை முழுவதும் ஒரு மகரந்தத்தூளுக்குள் அடங்கிவிடுகிறது. பெண் தலைமுறை முழுவதும் ஒரு கருப்பைக்குள் அடங்கிவிடுகிறது. நாம் ஒரு மலரைப் பறிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தலைமுறையையும் சேர்த்தே பறிக்கிறோம்!

இந்நூல் வெளிவந்தது டார்வினின் இனத்தோற்றம் வெளிவருவதற்கு 8 ஆண்டுகளுக்கு முன். தாவரங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தின் உறவினர் என்று டார்வின் சொன்னபோது, அந்த உறவுக்கான சான்று அடுக்கப்பட்டு ஆயத்தமாகவே இருந்தது.

கடையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

அதே 1851-இல் ரோஸ்டாக் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. ஆயினும் கடையை விடவில்லை. மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் வணிகமும் ஆய்வுமாகவே கழிந்தன. 1863-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் அவரைத் தாவரவியல் பேராசிரியராக அழைத்தது. மாணவராகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையாதவர், பேராசிரியராக நுழைந்தார். 1872-இல் டூபிங்கன் நகருக்கு மாறினார். பூவின் பாலை முதன்முதல் சோதித்தறிந்த கமராரியஸ் வாழ்ந்த அதே ஊர்.

புகழ் வந்த அளவு இன்பம் வரவில்லை. 1870-இல் மனைவியை இழந்தார். பிள்ளைகள் பலரையும் தம் கண்முன்னே பறிகொடுத்தார். உயிர் எங்ஙனம் தோன்றுகிறது என்பதை வாழ்நாளெல்லாம் உற்று நோக்கியவருக்கு, அது பிரிவதையும் மீண்டும் மீண்டும் காண வேண்டியதாயிற்று. உடல்நலம் குன்றி 1876-இல் பணியிலிருந்து விலகினார். 1877-ஆம் ஆண்டு சனவரி 12-ஆம் நாள், லைப்சிக் அருகே லிண்டனாவில் மறைந்தார். 53 வயதுகூட நிறையவில்லை.

பின்வந்தோர் முடித்த ஓவியம்

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1884-இல் ஸ்டிராஸ்பர்கர், மகரந்தக் குழலிலிருந்து வரும் உட்கரு அண்டச்செல்லின் உட்கருவோடு ஒன்றுகலப்பதைக் கண்டார். ஊறிச் செல்லும் நீர்மம் அன்று, உட்கருவே செல்கிறது என்பது தெளிவாயிற்று. 1896-இல் ஜப்பானியர் ஹிராசே ஜிங்கோ மரத்திலும், இகேனோ சைகஸ் மரத்திலும் நீந்தும் ஆண் செல்களைக் கண்டார்கள். பெரணிக்கும் விதைத் தாவரத்துக்கும் ஹாப்மைஸ்டர் கட்டிய பாலத்தின் மீது நேரில் நடந்து காட்டியது போல அமைந்தது அது. 1898-இல் நவாஷின், லில்லி மலரிலும் பிரிட்டில்லேரியாவிலும் இரட்டைக் கருவுறுதலைக் கண்டறிந்தார்.

இன்று நாம் அறிந்த முழு ஓவியம் இது. மகரந்தத் தாய்ச்செல் குன்றல் பகுப்பால் நான்கு நுண்ஸ்போர்களைத் தருகிறது. ஒவ்வொன்றும் பகுத்து ஒரு பெரிய உடலச் செல்லும் ஒரு சிறிய உற்பத்திச் செல்லும் ஆகிறது. உற்பத்திச் செல் மீண்டும் பகுத்து இரு ஆண் செல்களாகிறது. சூலிலோ பெருஸ்போர்த் தாய்ச்செல் நான்காகப் பகுக்க, பெரும்பாலான செடிகளில் மூன்று அழிந்து ஒன்றே எஞ்சுகிறது. அதன் உட்கரு மும்முறை பகுத்து எட்டாகி, ஏழு செல்கள் கொண்ட கருப்பை அமைகிறது: ஓர் அண்டம், இரு துணைச்செல்கள், மூன்று எதிரடிச் செல்கள், இரு உட்கருக்கள் கொண்ட ஒரு மையச் செல். வந்த இரு ஆண் செல்களில் ஒன்று அண்டத்தோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று மையச் செல்லோடு கூடிக் கருவூணாகிறது. நாம் உண்ணும் அரிசியும் சோளமும் பெரும்பகுதி அந்தக் கருவூணே. ஆகவே, கரு தந்தையுடையதா தாயுடையதா என்ற பழைய கேள்விக்கு விடை: இருவருடையதும்.

நாம் கொள்ள வேண்டியது

மாணவ நண்பர்களே, நம் பதிவேட்டில் கருப்பையின் படத்தைப் பெரும்பாலும் நூலைப் பார்த்தே வரைகிறோம். எட்டு உட்கருக்களும் தத்தம் இடத்தில் அழகாக அமர்ந்திருக்கும். நுண்ணோக்கியில் தெரிவது அவ்வளவு அழகாக இராது. ஒரு தகட்டில் மூன்று தெரியும், மற்றொன்றில் ஐந்து தெரியும், வேறொன்றில் மங்கலாக ஏதோ தெரியும். அந்த மங்கலையும் அப்படியே வரையும் துணிவு இருந்ததால்தான் டிரடஸ்கான்ஷியாவின் திரள்களை ஹாப்மைஸ்டர் நமக்கு விட்டுச் செல்ல முடிந்தது.

அவரிடம் பட்டம் இல்லை, ஆய்வகம் இல்லை, கூர்மையான பார்வையும் இல்லை. விடியற்காலையும் விடாமுயற்சியும் இருந்தன. நம் கல்லூரியில் நுண்ணோக்கி உண்டு, கற்பிக்கப் பேராசிரியர்கள் உண்டு, வேலியோரம் ஊமத்தையும் வரப்பில் கானாவாழையும் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒரு மொட்டை எடுங்கள், ஊசியால் பிரியுங்கள், தெரிவதை வரையுங்கள். நூல் சொல்வதோடு அது பொருந்தினால் மகிழ்ச்சி. பொருந்தாவிட்டால் இன்னொரு மொட்டை எடுங்கள். தாவரவியல் அங்கேதான் தொடங்குகிறது.